பணம் வந்தது, கைக்கு வரவில்லை: கல்லூரி உதவித்தொகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி திறந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் அலுவலகத்தின் ஸ்காலர்ஷிப் ஜன்னல் முன்னால் வரிசை நிற்க ஆரம்பித்துவிடும். தென்மாவட்டத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி இது. ஜன்னலுக்கு உள்பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் இதே வராந்தாவில் வெளிப்பக்கம் நின்றவன்தான். அன்று நான் அடித்த கூத்துகளையே இன்று நிற்கிற பிள்ளைகளும் ஒன்று விடாமல் அடிக்கிறார்கள்.

போட்டோ ஒட்ட மறந்தது, கையெழுத்துப் போடாதது, போன வருடத்து வருமானச் சான்றிதழை நீட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதையெல்லாம் ஜன்னலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சரியாகாதவை வேறு.

"நாங்க இந்து சார், எங்களுக்குக் கிடைக்காதுல்ல"

கிடைக்கும். கல்லூரியின் சொந்த உதவித்தொகைகளில் பெரும்பகுதி அறக்கட்டளைப் பணம். பழைய மாணவர்களும் ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் பெற்றோர் நினைவாக வங்கியில் போட்டுவைத்த தொகையின் வட்டி அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை இருக்கும். ஒன்று தாவரவியல் படிக்கும் மாணவிக்கு, ஒன்று அப்பா இல்லாத பிள்ளைக்கு, இன்னொன்று விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு. சிலவற்றில் மத நிபந்தனை உண்டு, பலவற்றில் கிடையாது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைக் கடைசி வரி வரைக்கும் படிக்காமல், கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்து ஒதுங்கிப் போனவர்கள் ஏராளம். சில வருடம் ஓர் அறக்கட்டளைக்கு ஒரே ஒரு விண்ணப்பம்கூட வராது. வட்டி அப்படியே கிடக்கும்.

இதற்கு நேரெதிரான கூட்டமும் உண்டு. சேகரகுருவிடமோ பங்குத்தந்தையிடமோ ஒரு கடிதம் வாங்கிவந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள். "இவன் நல்ல பையன், ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வருகிறான்" என்று எழுதியிருக்கும். சந்தோஷம். ஆனால் உதவிக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: வீட்டில் சம்பாதிப்பது யார், என்ன வேலை, படிக்கிற பிள்ளைகள் எத்தனை, கடன் எவ்வளவு. கடிதம் கேட்கப் போகும்போதே இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். குருவானவருக்கும் எழுதுவது சுலபம்.

ஞானஸ்நானச் சான்றிதழைச் சாதிச் சான்றிதழ் என்று நினைப்பது

அல்ல.

சான்றிதழில் பி.சி. என்று இருப்பதோடு நிறுத்திக்கொள்வது

1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. அதனால் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பங்கள், எத்தனை தலைமுறை ஆனாலும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கின்றன. சரி. ஆனால் மாநில ஆதிதிராவிடர் நலத்துறை கொடுக்கும் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகையில் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடருக்கும் இடம் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இது தெரியாமல் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

அந்தோணி

எங்கள் பக்கத்துப் பெயர்களில் இருக்கிற தொல்லை இது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அந்தோணிக்கு ஆங்கிலத்தில் ‘எச்’ இருக்கும், ஆதாரில் இருக்காது. ஒன்றில் அந்தோணிராஜ் ஒரே சொல், மற்றதில் இரண்டு. பங்கில் ‘ஸ்தனிஸ்லாஸ்’ என்று எழுதியதைப் பள்ளியில் எப்படி எழுதினார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். வெறும் இனிஷியலாக இருந்தது ஆதாரில் அப்பாவின் முழுப் பெயராக நீண்டிருக்கும். கம்ப்யூட்டருக்கு இவர்களெல்லாம் வேறு வேறு ஆட்கள். பிளஸ் டூ முடித்த கோடை விடுமுறையிலேயே மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி ஆதாரை மாற்றிக்கொள்ளுங்கள். நிதானமாக மாற்றுங்கள், ஏனென்றால் ஆதாரில் பெயரைச் சாதாரணமாக வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த விடுவார்கள்.

கணக்கு எண்ணைச் சரியாகக் கொடுத்தால் பணம் வந்துவிடும் என்று நம்புவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

2017-இல் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். குடும்ப வருமானம் 2 லட்சத்துக்குள், முந்தைய தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண். இரண்டும் இருந்தன. பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்கு எண்ணை மூன்று தடவை சரிபார்த்தேன். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் பணம் வந்தது, எனக்கு வரவில்லை. அலுவலகத்தில் கேட்டால், "உனக்குப் போயிடுச்சே தம்பி" என்றார்கள். வங்கியில் கேட்டால், "ஒண்ணும் வரலையே" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதுதான் கொடுமை. அந்தப் பருவத் தேர்வுக் கட்டணம் அம்மாவின் கம்மலை அடகு வைத்துத்தான் கட்டப்பட்டது.

எட்டு மாதம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. அதற்கு முன்னால் ஒரு புது சிம் வாங்கியிருந்தேன். கடைக்காரர் விரலை வைக்கச் சொன்னார், வைத்தேன். "சரியா விழல, இன்னொரு தடவை" என்றார், வைத்தேன். இரண்டாவது தடவை வைத்தது சிம்முக்கு அல்ல, போனிலேயே இயங்கும் ஒரு வங்கிக் கணக்குக்கு. என் ஆதார் அங்கே போய் ஒட்டிக்கொண்டது, உதவித்தொகையும் அதன் பின்னாலேயே போய்விட்டது. பணம் ஏறிய செய்தி அந்த சிம்முக்கு வந்திருக்கும். ஆஃபர் முடிந்ததும் அந்த சிம்மை நான் தூக்கிப் போட்டிருந்தேன்.

நடப்பது இதுதான். ஆதார் வழியாக அரசு பணம் அனுப்பும்போது நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணை யாரும் பார்ப்பதில்லை. வங்கிகளுக்கு இடையே பணம் போய்வருவதைக் கவனிக்கும் என்பிசிஐ என்கிற நிறுவனத்திடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் ஆதார் எண்ணுக்கு நேராக எந்த வங்கி இருக்கிறதோ அங்கேதான் பணம் போகும். ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான், அதுவும் கடைசியாக இணைத்த வங்கி. சில ஊர்த் தபால்காரர் கதவு எண்ணைப் பார்க்க மாட்டார், ஆளைக் கடைசியாக எந்த வீட்டுத் திண்ணையில் பார்த்தாரோ அங்கே கொடுத்துவிட்டுப் போவார். அந்த மாதிரி.

இதில் இன்னொரு குழப்பம். வங்கியில் போய், "ஆதார் லிங்க் ஆகியிருக்கா?" என்று கேட்டால், "ஆகியிருக்கே" என்பார்கள். அவர்கள் சொல்வது கேஒய்சி. உங்கள் அடையாளத்துக்காக ஆதார் நகலை வாங்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அது வேறு, என்பிசிஐ பட்டியலில் ஏறுவது வேறு. ஆகவே கேள்வியை மாற்றுங்கள்: "டிபிடி பணம் வர என்பிசிஐ சீடிங் ஆகியிருக்கா?" (டிபிடி என்றால் அரசு நேரடியாகக் கணக்கில் போடும் பணம், சீடிங் என்றால் அந்தப் பட்டியலில் ஏற்றுவது.) ஆகவில்லை என்றால் அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வங்கிக்குப் போவதற்கு முன்னால் நீங்களே பார்த்துவிடலாம். மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்று ஒன்று இருக்கும். எந்த வங்கி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு தடவை பாருங்கள், பணம் வரும் காலத்தில் இன்னொரு தடவை பாருங்கள். இடையில் புதுக் கணக்கு திறக்காதீர்கள்.

இந்த வருடம் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி பாஸ்புக்கோடு வந்து நின்றாள். "நாலு மாசமா ஏறல சார்." கல்லூரி மாணவிகளுக்கு மாநில அரசு கொடுக்கும் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய். பார்த்தால், ஜூனில் ஒரு வங்கிக்காரர்கள் வாசலில் மேசை போட்டுக் கணக்கு திறந்தார்களாம். கணக்கு திறந்தால் ஒரு பை இலவசம். பைக்காகத் திறந்த கணக்கில் 4,000 ரூபாய் பத்திரமாக இருந்தது. பணம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அன்று அவளை நான் கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேன். அவளைத் திட்டினேனா, 2017-இல் விரலை இரண்டு தடவை வைத்தவனைத் திட்டினேனா தெரியவில்லை.

அப்புறம், பள்ளியில் திறந்து கொடுத்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு. இரண்டு வருடம் வரவு செலவு எதுவும் செய்யாமல் விட்டால் அது செயல்படாத கணக்காகிவிடக்கூடும். ஐம்பது ரூபாயாவது போட்டு எடுங்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கவில்லையே என்று விட்டுவிடுவது

புதுமைப்பெண் 2022-இல் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான். பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் 6 முதல் 12 வரை படித்தவர்களையும் சேர்த்துவிட்டார்கள். பையன்களுக்கு 2024-இல் வந்த தமிழ்ப்புதல்வனும் அப்படித்தான். எங்களிடம் சேர்பவர்களில் பாதிப் பேர் மிஷன் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள். அந்தப் பள்ளிகளில் பல உதவிபெறும் பள்ளிகள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கூடுதலாகக் கிடைக்கும்.

இரண்டாம் ஆண்டில் மறப்பது

உதவித்தொகை விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வேண்டும். தானாக வராது.

எந்தப் பிரிவில் படிக்கிறோம் என்று தெரியாமல் இருப்பது

ஒரே கட்டடத்தில் உதவிபெறும் பிரிவும் ஓடும், சுயநிதிப் பிரிவும் ஓடும். அரசு உதவிபெறும் பிரிவில் மூன்றாண்டு இளங்கலை படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான வரம்பு கிடையாது. முதுகலைக்கு 2.5 லட்சம் வரம்பு உண்டு. பக்கத்து வகுப்பு நண்பனுக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணாமல், சேர்க்கைச் சீட்டை எடுத்து எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

கடைசி நாளில் ஜன்னலுக்கு வருவது

உங்களுக்கு ஒரு கடைசி நாள், நாங்கள் சரிபார்த்து அனுப்ப வேறொரு கடைசி நாள். இரண்டும் நெருங்கும்போது சர்வர் படுத்துக்கொள்ளும். கட்டணத்தைத் தவணையாகக் கட்ட முதல்வரிடம் மனுக் கொடுப்பதும் இதே கதைதான்: அபராதம் விழுந்த பிறகு வருவார்கள். முந்தைய வாரம் வந்தால் பெரும்பாலும் கையெழுத்தாகிவிடும். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை ஜன்னல் மூடியிருக்கும்.