அலுவலக லேப்டாப்பின் டிஸ்கைப் பூட்டும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் வரிக்கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் என்றாலும், லேப்டாப்பில் வாடிக்கையாளர்களின் 13 இலக்க ஐடி எண்ணும் வங்கி விவரமும் கிடக்கும். விண்டோஸ் பாஸ்வேர்டு அவற்றைக் காக்காது. டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எல்லாவற்றையும் படித்துவிடலாம். பாப்பியா (POPIA) என்னும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, அந்தத் தகவல் பிறர் கைக்குப் போனால் அரசின் தகவல் ரெகுலேட்டருக்கும் வாடிக்கையாளருக்கும் நீங்கள்தான் அறிவிக்க வேண்டும். 2021 ஜூலை 1 முதல் இந்தச் சட்டம் முழுமையாக அமலில் இருக்கிறது.

விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர் உண்டு. டிஸ்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் (குறியாக்கம் செய்யும்) வசதி அது. ஹோம் பதிப்பில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' மட்டும்தான், அதுவும் எல்லா மாடலிலும் வராது. புது லேப்டாப்பில் அது தானாகவே ஓடியிருக்கலாம், ஆகவே முதலில் செட்டிங்ஸில் பாருங்கள்.

பைல்களை வேறொரு டிஸ்கில் பேக்கப் எடுத்துவிட்டு, தேடல் பெட்டியில் 'மேனேஜ் பிட்லாக்கர்' என்று அடித்து, சி டிரைவுக்கு எதிரே 'டர்ன் ஆன்' அழுத்துங்கள். அடுத்து மீட்புச் சாவியை, அதாவது டிஸ்க் வழக்கம்போல் திறக்காதபோது அடிக்க வேண்டிய எண்ணை, எங்கே வைப்பது என்று கேட்கும். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். அது 48 இலக்கம், ஆறாறாக எட்டுத் தொகுதி. ஓர் இலக்கம் தவறினாலும் டிஸ்க் திறக்காது. அச்சடித்து அலுவலகப் பெட்டகத்தில் வையுங்கள், இன்னொரு பிரதி யூஎஸ்பியில் இருக்கட்டும். லேப்டாப் பையின் ஜிப்புக்குள் அந்தத் தாளைச் செருகி வைப்பது பூட்டோடு சாவியையும் திருடனிடம் கொடுப்பதுதான். தாளில் 'கீ ஐடி' என்றொரு அடையாளமும் இருக்கும். பல லேப்டாப் இருந்தால் எந்தத் தாள் எதற்கு என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு பயன்படுத்திய இடம் மட்டுமா, முழு டிஸ்கா என்று கேட்கும். பழைய லேப்டாப்பென்றால் முழு டிஸ்கையே எடுங்கள். அழித்த பைல்களின் மிச்சம் காலி இடத்தில்தான் ஒளிந்திருக்கும். சோதனை ஓட்டத்துக்கு டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். குறியாக்கம் மணிக்கணக்கில் ஓடலாம், சார்ஜரைச் செருகியே வையுங்கள். நடுவில் லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்து அணைந்தாலும் பயமில்லை, மறுபடி ஆன் செய்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பிறகு வரும் தொல்லை பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு காலை திடீரென்று நீலத்திரை 48 இலக்கம் கேட்கும். பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு, மதர்போர்டு மாற்றம், பூட் வரிசையைத் திருத்தியது, இவற்றில் ஏதோ ஒன்றைக் கண்டு பூட்டின் சாவியைக் காத்துவைக்கும் டிபிஎம் சிப் அதைத் தர மறுத்திருக்கும். பயாஸைத் தொடுமுன், ரிப்பேருக்குக் கொடுக்குமுன், பிட்லாக்கர் பக்கத்தில் 'சஸ்பெண்ட்' அழுத்துங்கள். வேலை முடிந்ததும் 'ரெஸ்யூம்' ஆகிவிட்டதா என்று கண்ணால் பாருங்கள்.

மூடியை மட்டும் சாத்திக்கொண்டு கிளம்பாதீர்கள். ஸ்லீப்பில் இருக்கும்போது சாவி மெமரியிலேயே இருக்கும். ஷட்டவுன் செய்யுங்கள், அல்லது ஹைபர்னேட்டில் போடுங்கள். பேக்கப் எடுத்த வெளி டிஸ்கையும் யூஎஸ்பியையும் 'பிட்லாக்கர் டு கோ' கொண்டு தனித்தனியே பூட்ட வேண்டும். சாவி வைத்த யூஎஸ்பியை மட்டும் பூட்டாமல் பெட்டகத்திலேயே விடுங்கள்.