எட்டுப் பல்கலைக்கழகம், ஒரே எஸ்.ஓ.பி.: எதை மாற்றுவது, எப்படி மாற்றுவது?

நவம்பர் வந்தாலே "அண்ணா, என் எஸ்.ஓ.பி.யைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று மெயில் வர ஆரம்பித்துவிடும். எஸ்.ஓ.பி. என்றால் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்: வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, ஏன் இந்தப் படிப்பு என்று எழுதித் தரும் கட்டுரை. திறந்து பார்த்தால் ஒரே கட்டுரை எட்டுப் பிரதியாக இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கும். எட்டையும் புதிதாக எழுத வேண்டியதில்லை, ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. உங்கள் கதையில் எதை முன்னால் வைக்கிறீர்கள் என்பதுதான் மாற வேண்டும்.

படி 1: என்ன கேட்கிறார்கள்?

ஒரு எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு துறையும் கேட்கும் கேள்வியை அப்படியே ஒட்டுங்கள். வார்த்தை வரம்பையும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எஸ்.ஓ.பி. தனி, பர்சனல் ஹிஸ்டரி ஸ்டேட்மென்ட் (உங்கள் பின்னணியைச் சொல்லும் கட்டுரை) தனி. வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நீங்கள் என்றால் அதைச் சொல்ல வேண்டிய இடம் இரண்டாவது. ஜெர்மனியில் பெரும்பாலும் மோட்டிவேஷன் லெட்டர் (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கடிதம்) என்று கேட்பார்கள். அப்புறம், விண்ணப்பிக்கக் கடைசி நேரம் கலிஃபோர்னியாவில் டிசம்பர் 15 இரவு 11.59 என்றால் நமக்கு 16ஆம் தேதி மதியம் 1.29. அதையும் ஷீட்டில் போட்டுவிடுங்கள்.

படி 2: யாருக்கும் அனுப்பாத வரைவு

என்ன செய்தீர்கள், எது சொதப்பியது, எந்தப் பாடம் பிடித்தது என்று எல்லாவற்றையும் கொட்டுங்கள். 2000 வார்த்தை போனாலும் பரவாயில்லை. "சிறு வயது முதலே" என்று தொடங்கியிருந்தால் அந்த வரியை இப்போதே அடித்துவிடுங்கள்.

படி 3: ஒரே ப்ராஜெக்ட், மூன்று விதம்

சிவில் படித்த ஒரு மாணவி, ஃபைனல் இயரில் ஊர்க் கிணறுகளில் அல்ட்ராசோனிக் சென்சார் மாட்டி ஆறு மாதம் நீர்மட்டம் அளந்தார் என்று வைத்துக்கொள்வோம். எழுதப்போவது ஆங்கிலத்தில்தான், சாரத்தை மட்டும் தமிழில் தருகிறேன்.

அமெரிக்காவில் எம்.எஸ்., படித்ததும் வேலை என்பது திட்டம் என்றால்: "ஆறு கிணறுகளில் சென்சார் மாட்டினேன். மழையில் இரண்டு பழுதாயின, உறையை மாற்றிச் செய்தேன். தரவை பைத்தானில் சுத்தம் செய்தேன்." கையில் என்ன இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்பது இதில் தெரிகிறது.

பிஎச்.டி. என்றால் சென்சார் உறைக்கு ஒரு வரி போதும். "பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள். அதே மழைக்கு ஒன்றில் இரண்டு நாளில் மட்டம் ஏறியது, மற்றதில் மூன்று வாரம் ஆனது. பாறை வெடிப்புகள்தான் காரணமா என்று என் தரவை வைத்துச் சொல்ல முடியவில்லை." ஒரு பேராசிரியர் உங்களைப் பல வருடம் கூட வைத்துக்கொள்ளப் போகிறார். விடை கிடைக்காத கேள்வியை விடாமல் பிடித்திருக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார். முடிக்காததைச் சொன்னால் குறையாக நினைப்பார்களோ என்று நம் பிள்ளைகள் மறைப்பது இந்த இடத்தைத்தான்.

ஜெர்மன் விண்ணப்பத்தில்: "நீரியல் ஒரு தாளாகப் படித்தேன், நிலத்தடி நீர் மாடலிங் படிக்கவில்லை. உங்கள் பாடத்திட்டத்தில் அது இருக்கிறது." அங்கே நீங்கள் படித்த பாடங்கள் அவர்களுடைய படிப்புக்குப் பொருந்துகிறதா என்பது முக்கியம். துறையின் மாட்யூல் ஹேண்ட்புக்கை (ஒவ்வொரு பாடத்திலும் என்ன சொல்லித்தருகிறார்கள் என்ற கையேடு) தேடி எடுத்து, மாட்யூலின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள்.

மூன்றிலும் நடந்தது ஒன்றுதான். ஒன்றில்கூடப் பொய் இல்லை.

படி 4: ஏன் இங்கே?

இந்தப் பத்தியில் பல்கலைக்கழகத்தின் பெயரை விரலால் மறைத்துப் படியுங்கள். வேறு எந்த இடத்துக்கும் பொருந்துகிறது என்றால் ("உலகத்தரம் வாய்ந்த ஆய்வகங்கள்"!) அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். கூகுள் ஸ்காலரில் அந்தப் பேராசிரியரின் கட்டுரைகளை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தி, கடைசி இரண்டின் சுருக்கத்தையாவது படியுங்கள். நான் விண்ணப்பித்தபோது இதைச் செய்யவில்லை. ஒருவருடைய ஆய்வைப் பற்றி உருகி உருகி எழுதினேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் எமரிட்டஸ் என்று போட்டிருந்தது. பெரிய பட்டம் போல என்று நினைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றவர் என்று அனுப்பிய பிறகுதான் தெரிந்தது.

படி 5: அனுப்பும் முன்

ஒவ்வொரு பிடிஎஃப்பிலும் மற்ற ஏழு பெயர்களையும் கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடுங்கள். சுருக்கப் பெயர்களையும் சேர்த்துத்தான். சரி, கோப்பின் பெயரையும் ஒருமுறை பாருங்கள், "ஃபைனல் நியூ 2" என்றே போய்விடப் போகிறது.