வாளிச் சத்தமும் பதினொரு தென்னையும்

நாகமலை அடிவாரத்தில் தெரிந்தவர் நடத்தும் காப்பகத்தில் 11 நாய்கள். எல்லாம் ரோட்டில் மீட்டவை. சாயங்காலம் சோறு வைப்பது என் வேலை. ரேஷன் அரிசியோடு கோழிக்கால், தலை போட்டு வேகவைத்த சோறு. தினமும் சண்டை. ஒருநாள் மூன்று கால் சிப்பிப்பாறை இன நாயின் காது கிழிந்தது. விலக்கப் போன என் கையிலும் பல் பட்டது. சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடினேன்.

பசிதான் காரணம் என்று சோற்றைக் கூட்டினேன். பலனில்லை. தட்டுகளைத் தனித்தனியாக வைத்தேன். கறுப்பன் தன்னுடையதை நாலே வாயில் விழுங்கிவிட்டுப் பக்கத்துத் தட்டுக்குப் பாய்ந்தான். அப்புறம்தான் கவனித்தேன்: வாளிக் கைப்பிடி ‘கிணுங்’ என்றதுமே உறுமல் ஆரம்பித்துவிடுகிறது.

சரி என்று, வாளியைத் தொடும் முன்பே ஆளுக்கொரு தென்னையில் கட்டினேன், ஒன்றை ஒன்று எட்டாத தூரத்தில். கறுப்பன் தட்டில் மட்டும் வாயில் அடங்காத அளவுக்கு ஒரு உருண்டைக் கல். சுற்றிச் சுற்றித்தான் தின்ன முடியும். காலித் தட்டுகளை எடுத்த பிறகே அவிழ்ப்பேன். அவசரப்பட்ட ஒரே நாளில் மறுபடி ரகளை.

மூன்று வாரம் ஆனது. இப்போது சங்கிலிச் சத்தம் கேட்டாலே அதது தன் தென்னைக்குப் போய் நிற்கிறது. கறுப்பன் கல்லைக்கூட விடுவதில்லை, பளபளவென்று நக்கி வைக்கிறான்.