காய்ந்த கார்ட்ரிட்ஜுக்கு வெந்நீர் ஒத்தடம்

பிரிண்ட்டில் வெள்ளைக் கோடு விழுந்தால் உடனே புது இங்க் கார்ட்ரிட்ஜ் வாங்க ஓடாதீர்கள். பழையதைக் கழற்றி, டிஷ்யூ பேப்பரை நாலாக மடித்து, கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கார்ட்ரிட்ஜின் மை வரும் அடிப்பக்கம் அதன்மேல் படும்படி ஐந்து நிமிடம் வையுங்கள். அப்புறம் காய்ந்த டிஷ்யூவில் ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம். கறுப்பு என்றால் ஒரே கோடாகப் பதியும். கலர் என்றால் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் தனித்தனிப் பட்டையாகத் தெரியவேண்டும். ஒன்று வராவிட்டால் இன்னொரு முறை.

மை வரும் துளைகள் தலைமுடியை விடச் சன்னமானவை. பல நாள் பிரிண்ட் எடுக்காமல் விட்டால் வாயில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளலாம். வீட்டு பிரிண்டர் மை பெரும்பாலும் தண்ணீரில் கரைவது என்பதால் ஈரமும் சூடும் பட்டால் இளகிவிடும்.

சென்னையில் கடலோரம் ராயபுரம், காசிமேடு பக்கம் இருப்பவர்கள் போர் தண்ணீரைத் தொடாதீர்கள். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு துளையிலும் படியும். கேன் தண்ணீரைச் சுடவையுங்கள்.

செப்புப் பட்டை இருக்கும் பக்கத்தில் ஈரம் படக்கூடாது. பட்டுவிட்டால் நன்றாகக் காயவிட்டே மாட்டுங்கள்.

இதெல்லாம் மை தெளிக்கும் பாகம் (ஹெட்) கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும் மாடலுக்குத்தான், எச்பி, கேனானில் பல அப்படி. எப்சன் மாதிரி ஹெட் பிரிண்டருக்குள்ளேயே இருந்தால் இது பலிக்காது, பிரிண்டர் மெனுவில் இருக்கும் ஹெட் கிளீனிங்தான் கொடுக்கவேண்டும். மையே தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜுக்கு எந்த ஒத்தடமும் உதவாது.