புரோக்கோலிக்கு நட்ட அன்றே வலை போடுங்கள்

இலையில் ஓட்டை விழுந்த பிறகுதான் பலரும் வலையைத் தேடுகிறார்கள். அதற்குள் வெள்ளைப் பட்டாம்பூச்சி முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கும், புறா குருத்தைக் கொத்தியிருக்கும். நாற்றை நட்டுத் தண்ணீர் ஊற்றிய கையோடு மூடிவிடுங்கள். பூசணி, வெள்ளரி மாதிரி இதற்குத் தேனீ வந்து போக வேண்டிய தேவையே இல்லை. நாம் அறுப்பது விரியாத பூமொட்டுகளைத்தான் என்பதால் கடைசி வரை மூடியே வளர்க்கலாம்.

எந்த வலை? பறவைக்கு மட்டும் என்றால் 2 செ.மீ. கண் உள்ள வலை போதும், ஆனால் பட்டாம்பூச்சி அதில் சுலபமாக நுழைந்துவிடும். தொளதொளவென்று தொங்கும் பெரிய கண் நைலான் வலையில் குருவியின் காலும் இறக்கையும் சிக்கிக்கொள்ளும், அது தவித்துச் சாவதைப் பார்க்க மனசு தாங்காது. அதனால் நான் சொல்வது கொசுவலை போன்ற பொடிக்கண் துணி. பறவை, பட்டாம்பூச்சி, முட்டைக்கோஸைப் பாழாக்கும் அந்த வைரமுதுகு அந்துப்பூச்சி, மூன்றுமே அதில் நின்றுவிடும்.

வலையைச் செடிமேல் அப்படியே போர்த்தாதீர்கள். இலை வலையைத் தொட்டால் புறா மேலே உட்கார்ந்து கொத்தும், பட்டாம்பூச்சி வெளியில் இருந்தபடியே இலையில் முட்டை வைத்துவிடும். செடி 60 முதல் 75 செ.மீ. வரை வளரும், ஆகவே குழாயையோ மூங்கில் பிளாச்சையோ வளைத்து 90 செ.மீ. உயரத்துக்கு நட்டு, அதன்மேல் துணியை இழுத்துக் கட்டுங்கள். ஓரங்களை மண்ணுக்குள் புதையுங்கள், இல்லையென்றால் வரிசையாகச் செங்கல் வையுங்கள்.

மூடும் முன் ஒவ்வொரு நாற்றிலும் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முட்டையோ கூட்டுப்புழுவோ உள்ளே இருந்தால் பறவையிடமிருந்து அதையும் சேர்த்தே நாம் காப்பாற்றிக்கொண்டிருப்போம். போன தடவை முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி வளர்ந்த பாத்தியும் வேண்டாம், அவற்றைத் தின்ற வண்டின் புழுக்கள் மண்ணிலேயே இருக்கலாம்.

வலைக்கு அடங்காதவையும் உண்டு. காலையில் நாற்று அடியோடு சாய்ந்து கிடந்தால் பெரும்பாலும் வெட்டுப்புழுவின் வேலை. அடி வெட்டிய காகிதக் கப்பைத் தண்டைச் சுற்றி 2, 3 செ.மீ. மண்ணுக்குள் இறங்கும்படி வைத்துவிட்டால் அந்தப் புழுவால் தண்டை நெருங்க முடியாது. நத்தைக்கு இரவில் டார்ச் எடுத்துப் போய்ப் பொறுக்குவதுதான், அதோடு தண்ணீரையும் சாயங்காலம் விடாமல் காலையில் விடுங்கள். இலையில் அப்பிச் சாறு உறிஞ்சும் பொடிப்பூச்சியான அசுவினியை, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியே பாதி விரட்டிவிடலாம்.

அப்படியும் பச்சைப் புழு வந்துவிட்டதா? கையால் பொறுக்குங்கள். கைக்கு அடங்காத அளவு இருந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாத் தூளைத் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம், புழு இலையோடு சேர்த்து அதைத் தின்றால்தான் சாகும். வெயிலில் அதன் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம்தான் அடிக்க வேண்டும், இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், மழை பெய்தால் மறுபடி அடிக்க வேண்டும். சின்னப் புழுவுக்குத்தான் நன்றாக வேலை செய்யும், பெருத்த புழுவைக் கையால்தான் எடுக்க வேண்டியிருக்கும். பூ கட்டிய பிறகு ரசாயன மருந்து பக்கமே போகாதீர்கள், அந்த மொட்டு இடுக்குகளில் இறங்கியதை எப்படிக் கழுவுவது?

பழைய சிடி, பளபளக்கும் காகிதம் எல்லாம் கட்டுகிறவர்கள் உண்டு. சில நாளில் பறவைக்குப் பழகிவிடும், நம்பி இருக்காதீர்கள்.

அறுத்ததும் பூவைத் தலைகீழாக உப்புத் தண்ணீரில் 15, 20 நிமிடம் போட்டுவையுங்கள், ஒளிந்திருக்கும் புழு வெளியே வந்துவிடும். அப்புறம், நடுப்பூவை எடுத்துவிட்டோமே என்று வலையைக் கழற்றிவிடாதீர்கள், பக்கக் கிளைகளில் இன்னும் சில வாரங்களுக்குச் சின்னச் சின்னப் பூக்கள் வந்துகொண்டே இருக்கும்.