நகரத் தெய்வத்தின் வாசலில் பர்ஸைத் திறக்காதீர்கள்

பெய்ஜிங், ஷாங்காய் முடித்த நம்மவர்கள் இப்போது ஷான்ஷி மாகாணத்துப் பிங்யாவுக்கும் போகிறார்கள். 1370-இல் மிங் காலத்தில் எழுப்பிய மதில் சுமார் 6 கிலோமீட்டர் சுற்றளவில் இன்றும் ஊரைச் சுற்றி நிற்கிறது. 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர். அதன் தென்கிழக்கில் நகரத் தெய்வமான செங்ஹுவாங்குக்குக் கோயில் இருக்கிறது. இந்த மாதிரிக் கோயில்களுக்குப் புதிதாகப் போகிறவர்கள் சொல்லி வைத்தாற்போல் ஒரே தப்புகளைச் செய்கிறார்கள். குப்பை போடாதே, சத்தம் போடாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

புத்தரைத் தேடுவது

இது பௌத்தக் கோயில் இல்லை. உள்ளே இருப்பவர் அதிகாரி உடையில் உட்கார்ந்திருக்கும் நீதிபதி. ஊரைக் காப்பதும் செத்தவர்களின் கணக்கைப் பார்ப்பதும் அவர் வேலை. பல நகரத் தெய்வக் கோயில்களில் கணக்குப் போடும் பெரிய மணிச்சட்டம் (அபாகஸ்) ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். நம்ம சித்திரகுப்தன் ஏட்டைப் புரட்டுகிறான், இவர்கள் மணியைத் தள்ளுகிறார்கள்.

செருப்பு

கழற்ற வேண்டாம். வாசற்படியை மட்டும் மிதிக்காமல் தாண்டுங்கள்.

'இலவச' ஊதுபத்தி

எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு பெரிய கோயில். பெயர் வேண்டாம், பிங்யாவ் இல்லை. கூட வந்த தம்பி வாசலில் ஒருவர் நீட்டிய தடித்த ஊதுபத்திக் கட்டை வாங்கிக்கொண்டான். "ஃப்ரீதானாம்ணே." கும்பிட்டு முடித்ததும் கையில் மூங்கில் குவளையைக் கொடுத்தார்கள். குலுக்கினான், எண் போட்ட ஒரு குச்சி விழுந்தது. எண்ணுக்குரிய சீட்டோடு பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் செல்போன் மொழிபெயர்ப்பில் முதலில் "நல்ல மனசு உனக்கு" என்றார், அடுத்து, "இந்த வருஷம் வீட்டில் ஒருவருக்குக் கண்டம்." பரிகாரம், பெயர் எழுதி விளக்கு. சிவப்பு நோட்டைத் திறந்து வைத்தார். மேலே எழுதியிருந்த பெயர்களுக்கு எதிரே எல்லாம் மூன்று இலக்கத் தொகை. அந்தப் பக்கத்தைக் காட்டுவதில்தான் வித்தையே இருக்கிறது. பெற்ற பிள்ளையின் பெயரை எழுதிவிட்டு அதற்குக் கீழே பத்து யுவான் என்று போட யாருக்குக் கை வரும்? அவன் கொடுத்த பணத்தில் இரண்டு நாள் ஹோட்டல் வாடகை ஓடியிருக்கும். கேட்டால், "சாமி காரியம், விடுங்கண்ணே."

சாமி காரியமாம்! குச்சி குலுக்கிக் குறி பார்ப்பது அங்கே பழைய வழக்கம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சாமிக்கு மூன்று ஊதுபத்தி போதும். வருகிறவர்களை மயக்கி விலை கூடிய ஊதுபத்தி வாங்கவைக்கக் கூடாது என்று சீனாவின் 10 அரசுத் துறைகள் சேர்ந்து 2012-இலேயே அறிவித்துவிட்டன.

ஆகவே, யார் நீட்டினாலும் கை நீட்டாதீர்கள். "பூ யாவ்" (வேண்டாம்) என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். காணிக்கை போட ஆசையா, உண்டியல் கண்ணெதிரே இருக்கும். அறைக்குள் கூப்பிட்டால் போகாதீர்கள். வீட்டார் பெயரை எந்த நோட்டிலும் எழுதாதீர்கள்.

கையிலேயே ஊதுபத்தி இருந்தால் முற்றத்துச் சட்டியில் குத்துங்கள், மண்டபத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். எல்லாம் மரம். பிங்யாவ் கோயிலே 1859-இல் தீயில் போய், 1864-இல் மறுபடி எழும்பியதுதான்.

திரும்பிப் பார்க்காமல் போவது

சாமியைப் பார்த்தபடி ஒரு நாடக மேடை இருக்கிறது. கூத்து சாமிக்காக. நேரே மூலமண்டபத்துக்கு ஓடுகிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை.

கோயிலோடு நிறுத்திக்கொள்வது

தெற்குத் தெருவுக்குக் கிழக்கே கோயில், மேற்கே பழைய மாவட்ட அலுவலகம். இரண்டையும் ஜோடியாகப் பாருங்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு அந்த அதிகாரி, செத்தவர்களுக்கு இந்த அதிகாரி. மன்னராட்சிக் காலத்தில் புதிதாகப் பதவிக்கு வந்தவர் முதலில் நகரத் தெய்வத்தின் முன்னால் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. மிங் பேரரசர் ஹோங்வூ 1369-இல் இந்தத் தெய்வங்களுக்குப் படிநிலைப் பட்டங்கள் கொடுத்து, மறு வருஷமே அவற்றைப் பறித்துக்கொண்டார். சாமிக்கே பதவியிறக்கம்! ஊருக்குள் நுழையக் காசில்லை, ஆனால் இந்த இடங்களைப் பார்க்கக் கூட்டுச் சீட்டு வேண்டும். அதை வாங்கிக்கொண்டு ஒன்றோடு திரும்புவது வீண்.

ரயில் நிலையம்

இரண்டு இருக்கின்றன. அதிவேக ரயில் நிற்கும் பிங்யாவ் குசெங் மதிலிலிருந்து நடக்கும் தூரத்தில் இல்லை. டாக்சியோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். மதிலுக்குப் பக்கத்தில் இருப்பது பழைய பிங்யாவ் நிலையம்.