வேட்டைக்காரனும் சிங்கத்தின் தடமும்: தாராவிப் பிள்ளைகள் போட ஒரு 4 நிமிட நாடகம்

ஈசாப் கதை சின்னதுதான். சிங்கத்தின் காலடித் தடத்தைப் பார்த்தாயா என்று விறகுவெட்டியிடம் வேட்டைக்காரன் மிடுக்காகக் கேட்கிறான். "சிங்கத்தையே காட்டுகிறேன், வா" என்கிறான் விறகுவெட்டி. முகம் வெளுத்து, பல் தந்தியடிக்க, "நான் தடத்தைத்தானே கேட்டேன்!" என்கிறான் வேட்டைக்காரன்.

இரண்டு பேர் போதும். சிங்கத்தை மேடையேற்றாதீர்கள், நாடகம் கெடுவது இங்கேதான். முகமூடியோடு ஒரு பிள்ளை உறுமினால் வேட்டைக்காரனின் பயம் நியாயமாகிவிடும். வெறும் சொல்லுக்கே அவன் நடுங்க வேண்டும்.

தடத்துக்குப் பழைய அட்டைப்பெட்டி போதும். உள்ளங்கை அகலத்தில் ஒரு மெத்தை, அதன்மேல் 4 விரல். நகம் வேண்டாம், நடக்கும்போது சிங்கம் நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். வெட்டிய 6 தடங்களையும் விறகுவெட்டிக்குப் பின்னால் ஒட்டுங்கள். முன்னால் ஒட்டினால் அந்தக் கேள்விக்கே வேலையில்லை.

"வா" என்றதும் வேட்டைக்காரன் மனத்துக்குள் மூன்று எண்ணட்டும். அவசரப்பட்டால் சிரிப்பு வராது. கடைசி வசனத்தைக் கத்தக் கூடாது, வில்லைத் தாழ்த்தியபடி தணிந்த குரலில் சொல்ல வேண்டும்.

மும்பையின் போரிவலித் தேசியப் பூங்காவில் சிறுத்தை இருக்கிறதே, சிங்கத்தைச் சிறுத்தையாக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம். பூங்காவை ஒட்டி வாழ்பவர்களுக்கு அந்தப் பயம் நிஜம். அதைக் கேலியாக்கக் கூடாது.